கட்டுத்தறிக்குப் போன கைபேசி

ஏப்ரல் 9. பசுவுக்கு மூன்றாம் ஈற்றுக்கான சினை ஊசி போடப்பட்டது. உடனிருந்தவள் என் மனைவி.

ஜூலை 12. சினை உறுதி செய்யப்பட்டது.

ஆகஸ்ட் 21. மாலைக் கறவை முடிந்து, கறவைக்கு வரும் பெண் புறப்பட்டபோது மணி ஐந்தே முக்கால். அதன்பின் தகரக் கூரை போட்ட மாட்டுக் கட்டுத்தறியில் என் மனைவி விழுந்தாள். நான் முன்னறையில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் இடையே நாற்பது அடி. இன்னும் பால் வரவில்லையே என்று பால் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தபோது மணி ஆறு பத்து. அப்போதுதான் எழுந்து போனேன். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் உயிர் பிரிந்தது.

செப்டம்பர் 9. மூன்று மாடுகளில் இரண்டு விற்கப்பட்டன.

அக்டோபர் 2. கொச்சியிலிருந்து வந்த மகன் என் மனைவியின் அலமாரியைத் திறந்தான். உள்ளே ஒரு டேப்லெட்டும் மூன்று கைபேசிகளும் இருந்தன. நான்கிலும் சார்ஜ் இல்லை.

நவம்பர் 15. பசுவின் பால் நிறுத்தப்பட்டது.

ஜனவரி 14. ஈனும் நாள் எனக் கணக்கிடப்பட்டது. அன்று ஈனவில்லை.

இவை அவளுடைய கால்நடைக் குறிப்பேட்டிலும் என் நாட்குறிப்பிலும் உள்ளவை. முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் என்பதால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது எனக்குப் பழக்கம். மற்றதை அப்படி எழுத முடியவில்லை. அதில் என் பிடிவாதமும் கலந்திருக்கிறது.

எங்கள் வீடு மீனாட்சிபுரத்திலிருந்து சற்று உள்ளே, எல்லைக்கு மிக அருகில், கேரளப் பக்கம் இருக்கிறது. மாடியில் நின்றால் கைபேசி தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும். முற்றத்தில் இறங்கினால் கேரளத்துக்குத் திரும்பிவிடும். என் கையில் இருப்பது பொத்தான் வைத்த சிறிய கைபேசி. அழைக்கவும் அழைப்பை ஏற்கவும் அது போதும். என் மனைவி அப்படியல்ல. மாட்டின் குளம்பில் புண் வந்தால் படமெடுத்து மிருகாசுபத்திரிக்கு அனுப்புவாள். கறக்கும்போது பாட்டு வைப்பாள். ஆனால் அவள் எந்தக் கைபேசியையும் புதிதாக வைத்திருந்ததில்லை. மகன் புதியது வாங்கும்போதெல்லாம் பழையது எங்கள் வீட்டுக்கு வரும். டேப்லெட்டும் அவ்வாறே வந்தது. ஆக, அவளிடம் வந்து சேர்ந்தபோதே அவை யாரோ வேண்டாம் என்று விட்ட பொருள்கள்தாம்.

அக்டோபர் இரண்டாம் நாள் மகன் அவற்றை மேசைமேல் வரிசையாக வைத்தான்.

“இந்த மூணு ஃபோனையும் எக்ஸ்சேஞ்சுலகூட எடுக்கமாட்டாங்கப்பா. அப்டேட் நின்னு எத்தனையோ வருசமாச்சு. குப்பைதானுங்க,” என்றான். பிறகு மூலையில் விரிசல் விட்டிருந்த டேப்லெட்டைச் சட்டை நுனியால் துடைத்தான். “இதுல வேணா அம்மா போட்டோவெல்லாம் ஏத்திச் செவத்துல மாட்டிரலாமுங்க. மால போட்டு, கீழ ஒரு சீரியல் லைட்டு. படம் மாறி மாறி வந்துட்டே இருக்கும்.”

“எத்தனை நேரத்துக்கு ஒருக்கா மாறும்?”

“நாம வெக்கறதுதானுங்க. எட்டு செகண்டு, பத்து செகண்டு...”

“உங்கம்மா எட்டு செகண்டுக்கு ஒருக்கா மாறற ஆள் இல்லை. வேண்டாம்.”

அவன் முகம் சுருங்கியது. நான் வருந்தவில்லை. அவனுடைய அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை; அதற்கு அவன் கண்ட வடிவம்தான் எனக்கு ஒப்பவில்லை. ‘குப்பை’ என்ற சொல்லும் ஒப்பவில்லை. ஒரு நிறுவனம் ஒரு பொருளைக் கவனிப்பதை நிறுத்திக்கொள்கிறது. உடனே நாம் அந்தப் பொருள் செத்துவிட்டது என்கிறோம். பிற்பாடு நான் அவற்றை மின்னேற்றிப் பார்த்தேன். வில்லை பழுதில்லாமல் இருந்தது. ஒலிவாங்கி ஒலி வாங்கியது. திரை ஒளிர்ந்தது. நின்றுபோனது எங்கோ ஓர் அலுவலகத்தின் அக்கறை மட்டுமே. அதற்காக நாம் ஏன் துக்கம் காக்க வேண்டும்?

அன்று மாலை மகன் தான் வந்த காரியத்தைச் சொன்னான்.

“கன்னு போடற வரைக்கும் இருங்கப்பா. அப்புறம் மாட்டையும் கன்னையும் குடுத்துட்டு எங்களோட கொச்சிக்கு வந்துரோணும். ரூம்பு ஒழிச்சு வெச்சாச்சு.”

“நான் வரலை.”

“செனை மாட்ட வெச்சுட்டுத் தனியா என்னுங்க பண்ணுவீங்க? பாத்துட்டே இருக்கோணுமுங்க. ஏதாச்சும் ஒண்ணுன்னா ஆருக்குத் தெரியும்? அம்மாவுக்கு ஆனப்பவே...”

அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய தேவையும் இல்லை. அதன் மறுபாதி என்னிடம் இருக்கிறது.

அவனுடைய கேள்வி நியாயமானது. என் வயதில் ஒருவன், மாட்டைப் பற்றி ஏதும் அறியாதவன், தனியே ஒரு பசுவின் ஈற்றைப் பார்த்துக்கொள்ள முடியுமா? முடியாவிட்டால் இந்த வீட்டில் தொடர்ந்து இருக்க எனக்கு வேறென்ன நியாயம் இருக்கிறது? விடை ஜனவரியில் தெரிந்துவிடும். அதுவரை, பார்த்துக்கொண்டே இருப்பதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். ஏற்பாடு மேசைமேலேயே கிடந்தது.

அவன் ஊருக்குப் போன மறுநாள் மூன்று கைபேசிகளையும் மின்னேற்றிச் சோதித்தேன். ஒன்றின் முதுகு சற்றே புடைத்திருந்தது. பேட்டரிக்குள் வாயு சேர்ந்தால் அப்படித்தான் உப்பும். அதற்கு மேல் மின்னேற்றுவது அறிவீனம். அதை மணல் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு, வீட்டுக்கு வெளியே மதிலோரம் வைத்தேன். இரண்டாவதைத் தண்ணீர்த் தொட்டியின் உட்புறம் தெரியும்படி மேலே சுவரில் பொருத்தினேன். ஆழ்குழாய்த் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க நான் இனி ஏணியில் ஏற வேண்டியதில்லை. மூன்றாவது கட்டுத்தறிக்கு. இரண்டும் அனுப்பும் காட்சி டேப்லெட்டில் வரும். டேப்லெட்டை முன்னறையில், என் படிப்பு மேசைமேல், புத்தகங்களில் சாய்த்து நிறுத்தினேன்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. செய்தபோது பதினோரு நாள் ஆயிற்று. வைஃபை, தகரக் கூரையைத் தாண்டி உள்ளே எட்டவில்லை. பெட்டியைச் சமையலறை ஜன்னலுக்கு மாற்றினேன். வில்லையின்மேல் ஈ உட்கார்ந்தது. ஒரு பிளாஸ்டிக் குப்பியைக் குறுக்கே வெட்டிக் கூண்டு செய்தேன். இடைவிடாது மின்னேற்றினால் இதுவும் உப்பிவிடும் என்பதால், இரண்டு மணி நேரம் விட்டு இரண்டு மணி நேரம் மட்டும் மின்சாரம் போகும்படி நேரம் குறித்த ஒரு சுவிட்சைப் பொருத்தினேன்.

கறவைக்கு வரும் பெண் இவை எல்லாவற்றையும் துடைப்பத்தோடு நின்று பார்த்தார். இருபது ஆண்டுகளாக என் மனைவியோடு அந்தக் கட்டுத்தறியைப் பார்த்துக்கொண்டவர் அவர். பால் நின்ற பின்னும் சாணம் அள்ளவும் தீவனம் வைக்கவும் வந்துகொண்டிருந்தார்.

“செனை மாட்ட எதுக்குங்க சாரு போட்டோ புடிக்கோணும்? கண்ணு பட்டுருமுங்க.”

“பார்க்கப்போறது நான் ஒருத்தன்தான்.”

“உங்க கண்ணு மட்டும் என்னுங்க, தங்கத்துல செஞ்சதுங்களா? அம்மா இருந்திருந்தா இந்தப் பொட்டியத் தூக்கிச் சாணிக்குழில வீசியிருப்பாங்க.”

அது உண்மையாக இருக்கலாம். ஆயினும் நான் கழற்றவில்லை.

இரண்டு வாரங்கள் பசுவை உற்றுநோக்கிக் குறிப்பெடுத்தேன். எப்போது அசைபோடுகிறது, எப்போது கண்ணை மூடுகிறது, எந்தக் காதை அதிகம் ஆட்டுகிறது என்றெல்லாம். ஒருநாள் அந்த அம்மாள் முன்னறை வாசலில் நின்று டேப்லெட்டை எட்டிப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்ன?”

“ஒண்ணுமில்லீங்க சாரு. மூஞ்சி அழகாத்தான் தெரியுது. ஆனா கன்னு வாய் வழியா வராதுங்க.”

கைபேசியைப் பசுவின் முகத்துக்கு நேராகப் பொருத்தியிருந்தேன். முனைவர் பட்டம் பெற்றவனுக்கு அது தோன்றவில்லை. மறுநாள் எதிர்ப்பக்கத் தூணுக்கு மாற்றினோம். அவர் கூறிய உயரத்தில், கூறிய கோணத்தில். வாலின் அடியில் இருபுறமும் குழி விழும், மடி இறங்கும், அதன்பின் ஒரு நாளோ இரண்டு நாளோ என்று எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவரே கூறினார். நான் எழுதிக்கொண்டேன்.

செய்தி பரவிவிட்டது. தீவனம் வாங்கப் பால் சங்கத்துக்குப் போனபோது, பால் அளப்பவர் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி விசாரித்தார்: “ஏனுங்க சாரு, உங்க ஊட்டு மாடு டிவில வருதாமா? எத்தன மணிக்குங்க? எங்க ஊட்டுல பாக்கோணும்கறாங்க.”

“எல்லா நேரமும் வருது. விளம்பரம் கிடையாது,” என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சிரிக்காதவர் கால்நடை மருத்துவர் ஒருவரே. மறையூரைச் சேர்ந்த இளம்பெண். எங்கள் பகுதி மிருகாசுபத்திரிக்கு மாற்றலாகி வந்தவர். டிசம்பரில் சோதிக்க வந்தபோது தூணிலிருந்த கைபேசியைப் பார்த்து, காட்சியைத் தாமும் பார்க்க இயலுமா என்று கேட்டார். அதற்கான இணைப்பை அனுப்பிவைத்தேன். அதன்பின் அவ்வப்போது அழைப்பார். “சார், தீனி குறைச்சுத் தின்ன மாதிரி இருக்கு, பாத்தீங்களா?” என்பார். நான் பார்த்திருக்கமாட்டேன், அவர் பார்த்திருப்பார்.

இவ்வாறாக இரண்டரை மாதம். அந்தக் கட்டுத்தறியில் ஒரு நாளில் எத்தனை வேலை இருக்கிறது என்பதை நாற்பது அடி தொலைவில் வாழ்ந்த நான் ஒரு விரிசல் விட்ட திரையில்தான் தெரிந்துகொண்டேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

பொங்கலுக்கு மகன் வந்தான். துக்க ஆண்டு என்பதால் வீட்டில் பொங்கல் இல்லை, கோலம்கூட இல்லை. ஆனால் அவன் பண்டிகைக்காக வரவில்லை. பதினேழாம் தேதி தரகரை வரச் சொல்லியிருந்தான்.

“கன்னு போடறதுக்கு முன்னாலயே குடுத்துரலாமுங்க. தேதியும் தாண்டிருச்சு. உங்களுக்கெதுக்கு இந்த வேதனை?”

பதினாறாம் தேதி, மாட்டுப் பொங்கல். மதிய உணவுக்குப் பின் முன்னறையில் இதே பேச்சு மூன்றாம் முறையாக நடந்துகொண்டிருந்தபோது, டேப்லெட்டில் கட்டுத்தறி மறைந்தது. மஞ்சளும் சிவப்புமாக ஒரு மங்கல் மட்டும் நின்றது.

மகன் கையை விரித்தான். “பாத்தீங்களா? போச்சு. பழசுன்னா இதாங்கப்பா. வேணும்கற நேரத்துல கையக் கழுவிரும்.”

நான் எழுந்து போனேன். திரை இருண்டால் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் முதல் விதி. அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கட்டுத்தறியில் சந்தன மணம். பசுவின் கொம்புக்குப் பொட்டு, கயிற்றுக்குப் பொட்டு, மண்வெட்டி, பால் கேன், தீவனத் தொட்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தது. தூணிலிருந்த கைபேசிக்கும்.

“இந்த வீட்டில இந்த வருஷம் பொங்கல் இல்லைன்னு தெரியாதா?”

“ஊட்டுக்குத்தானுங்க துக்கம். மாட்டுக்கு என்னுங்க துக்கம்?” என்றார் அந்த அம்மாள், சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே. “அதுவும் வேல செய்யுதில்லீங்களா, அதுக்கும் வெச்சேன். நெத்தி எதுன்னு தெரியலீங்க. மேல உருண்டையா இருந்துச்சு, அதுதான் நெத்தின்னு வெச்சுட்டேன்.”

வில்லையை வேட்டி நுனியால் துடைத்தேன். துடைக்கும்போது பசு படுத்தது, எழுந்தது, மீண்டும் படுத்தது. வால் தூக்கியே நின்றது.

“காலைலருந்து ஒரு மாதிரிதானுங்க. குழி விழுந்துருச்சு. இன்னைக்குப் போட்டுரும்,” என்றார்.

நீர்க்குடம் உடைந்தது. ஒரு குளம்பு தெரிந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது குளம்பு வரவில்லை. குளம்புக்குப் பின்னால் மூக்கின் நுனி தெரிந்தது. அந்த அம்மாளின் முகம் மாறியது.

“ஒத்தக்கால்தானுங்க வருது. இன்னொண்ணு உள்ள மடங்கிக்கிச்சு. டாக்டரம்மாவக் கூப்புடுங்க சாரு.”

மருத்துவர் பொங்கல் விடுப்பில் மறையூரில் இருந்தார். “வர மூணு மணிக்கூர் ஆகும் சார். அது வரைக்கும் கன்னு தாங்காது. பக்கத்து ஆசுபத்திரி டாக்டரை அனுப்பச் சொல்றேன். பேடிக்காதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல, நான் லிங்கைத் திறந்துட்டேன்.” பொத்தான் கைபேசியின் ஒலியைக் கூட்டி என் சட்டைப் பையில் வைத்தேன். அவருடைய கண் தூணில் இருந்தது. குரல் என் மார்பிலிருந்து வந்தது.

“சார், எல்லாம் செகப்பாத் தெரியுதே. ரத்தமா?”

“குங்குமமுங்க!” என்று அந்த அம்மாள் கத்தினார்.

“சரி, சரி. அங்க வெளிச்சம் போதாது. பின்னால நிக்கறது யாரு? மகனா? கையில இருக்கற ஃபோன்ல டார்ச் அடிக்கச் சொல்லுங்க.”

மகன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று அந்தக் கட்டுத்தறியில் மிகப் புதிய கருவி அதுதான்.

அந்த அம்மாள் தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய் தடவிக்கொண்டார். மருத்துவர் பேசிக்கொண்டே இருந்தார். “மாடு முக்கறப்போ தள்ளாதீங்க. அது நிறுத்தினதும் கன்னை மெல்ல உள்ள தள்ளுங்க. இடம் கிடைச்சுதா? இப்போ முட்டியப் பிடிச்சு, அப்படியே கீழ வந்து குளம்பைக் கைக்குள்ள பொத்திக்கணும். பொத்தாம இழுத்தா உள்ள கிழிஞ்சிடும். பொத்தியாச்சா?”

“ஆச்சுங்... இல்லீங், வழுக்குது. ஏ சாமி, சித்தெ சும்மா இரேன்டி!” இது பசுவிடம். “ஆச்சுங்க. புடிச்சுட்டேன்.”

இரண்டாவது குளம்பு வந்தது. அதன்பின் நானும் மகனும் இழுத்தோம். பசு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி. கன்று என் வேட்டியின்மேல் விழுந்தது. அசையவில்லை. மூக்கில் வைக்கோல் நுனியை விடுங்கள், விலாவைத் தேயுங்கள் என்றது என் சட்டைப் பை. தேய்த்தேன். எவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்கவில்லை. கணக்கு வைக்காமல் நான் செய்த வேலைகள் மிகச் சில. பிறகு அது தும்மியது.

பக்கத்து மருத்துவர் வந்தபோது கன்று நிற்க முயன்றுகொண்டிருந்தது. பசுவைச் சோதித்தார், கிழிசல் இல்லை என்றார்.

இந்தக் கன்று பிழைத்ததால் ஆகஸ்டில் நடந்தது சமனாகிவிட்டது என்று யாரும் படிக்க வேண்டாம். ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. அந்த இருபத்தைந்து நிமிடங்கள் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன.

மகன் குழாயடியில் நெடுநேரம் கை கழுவினான்.

“காளைக்கன்னுங்கப்பா,” என்றான். “பாலுக்கும் ஆகாது, ஒண்ணுக்கும் ஆகாது. நாளைக்குத் தரகர் வர்றப்போ...”

“வரவேண்டாம்னு சொல்லிடு.”

“அப்பா, இன்னைக்கு நாங்க எல்லாம் இருந்தோம். அந்தம்மா இருந்தாங்க. யாரும் இல்லாட்டி?”

“இல்லாட்டி கன்னு செத்திருக்கலாம். மாடும் செத்திருக்கலாம். அப்பவும் நான் இங்கதான் இருந்திருப்பேன்.”

“அப்ப எதுக்குங்க இந்தக் காமெரா, டேப்லெட்டு, இத்தன பாடு?”

“பாக்கறதுக்கு. உன்கிட்ட ஜெயிக்கறதுக்கு இல்லை. நான் அனுமதி கேக்கலைப்பா.”

அவன் என்னை நேராகப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவனுடைய சட்டையெல்லாம் ரத்தமும் வழும்புமாக இருந்தது, என்னுடையதும். பின் அவன் கைபேசியை எடுத்து, மாடிப்படியில் பாதிவரை ஏறி, தரகரை அழைத்தான். “இப்பத்திக்கு வேண்டாமுங்க... இல்லீங்க, அப்பா குடுக்கறதா இல்லீங்க,” என்பது கீழே கேட்டது. ‘இப்பத்திக்கு’ என்பதை அவன் அழுத்திச் சொன்னான். அதை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன்.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

கட்டுத்தறிக் கைபேசிக்குப் புதிய பேட்டரி. கடைக்காரர் இந்த மாதிரிக்கு இனி வராது என்கிறார். வேறு கடையில் கேட்க வேண்டும்.

பஞ்சாயத்தில் மின்கழிவு வாங்கும் நாளை விசாரித்தல்.

பால் சங்கத்தில் உறுப்பினர் பெயர் மாற்றம். படிவம் வாங்கியாயிற்று, நிரப்பவில்லை.

கன்றின் காதில் அடையாள வில்லை மாட்டுதல்.

கறக்கக் கற்றுக்கொள்ளுதல். நான்கு காம்புகளில் இரண்டு என் கைக்கு இணங்குகின்றன.